பெயரை நம்பி உத்தியோகத்தில் சேரலாமா?

பெயர்பெற்ற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. சம்பளமும் இப்போது பெறுவதைக் காட்டிலும் கணிசமாக அதிகம். ஆனால் அதே வாரத்தில், அந்தக் கம்பெனி சில ஆயிரம் பேரைக் குறைக்கப்போகிறது என்றும், நஷ்டத்தில் நடக்கும் பகுதிகளை மூடவோ விற்கவோ உத்தேசித்திருக்கிறது என்றும், நிர்வாகம் அடியோடு மறுசீரமைக்கப்படுகிறது என்றும் பத்திரிகைகளில் செய்தி வெளியாகிறது. சேருவதா, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுவதா என்ற கேள்வி, இன்று நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் அபூர்வமாக எழும் கேள்வி அன்று.

கேட்கப்போனால் இரண்டு விதமான யோசனைகள் கிடைக்கும். உலகம் முழுவதும் கிளைகள் உள்ள ஸ்தாபனம் அவ்வளவு எளிதில் சாய்ந்துவிடாது, அந்தப் பெயர் ஒரு முறை நம்முடைய ஜாதகத்தில் ஏறிவிட்டால் பிறகு எங்கே போனாலும் மதிப்பு உண்டு, தயங்காமல் சேர் என்பார் ஒருவர். ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிற இடத்துக்குள் வலியப் போய் நுழைகிறவனைப் புத்திசாலி என்று யார் சொல்லுவார்கள், வேண்டாம் என்பார் மற்றொருவர். இருவர் சொல்லுவதிலும் அனுபவம் உண்டு; ஆனால் இருவரும் செய்கிற தவறு ஒன்றே. ஒருவர் கம்பெனியின் பெயரைப் பார்த்துத் தைரியம் கொள்ளுகிறார். மற்றவர் அதே பெயரைப் பார்த்து அச்சம் கொள்ளுகிறார். சீரமைப்புக் காலத்தில் ஒரு பெரிய கம்பெனி ஒரே கம்பெனியாக இருப்பதில்லை என்பதும், அதன் பெயர்ப்பலகையின் கீழ் வளரப்போகிற பகுதியும் மாளப்போகிற பகுதியும் ஒரே வளாகத்தில்கூட இருக்கக்கூடும் என்பதும் இருவர் கவனத்துக்கும் வருவதில்லை. ஆகையால், இந்தக் கம்பெனி நிலைக்குமா என்று கேட்பதை விட்டு, இந்தக் கம்பெனிக்குள் நான் உட்காரப்போகும் இடம் நிலைக்குமா என்று கேட்பதுதான் விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் தூர தேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை; சென்னைக்குத் தெற்கேயும் மேற்கேயும் போகிற இரண்டு நெடுஞ்சாலைகளே போதும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் கைப்பேசித் தொழிற்சாலை 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் நேரடியாக மட்டுமே ஏறத்தாழ 8,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் கணிசமானோர் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். உலகத்தின் மிகப் பெரிய கைப்பேசித் தொழிற்சாலைகளுள் ஒன்று என்று அது புகழப்பட்டது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசி வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரித் தகராறு காரணமாகச் சென்னைத் தொழிற்சாலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தபடியால், 2014 ஏப்ரலில் விற்பனை பூர்த்தியானபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் கைமாறாமல் தனித்து விடப்பட்டது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். ஆனால் அதே நோக்கியாவின் பெயரால், அங்கிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் ஒரகடத்தில், தொலைத்தொடர்பு வலையமைப்புக்கு வேண்டிய கருவிகளைச் செய்கிற மற்றொரு தொழிற்சாலை 2008ஆம் ஆண்டு முதல் நடந்து வருவதையும், பின்னாளில் ஐந்தாம் தலைமுறைக் கருவிகளின் உற்பத்தி அங்கே நடந்ததையும் நினைவில் வைத்திருப்பவர் சிலரே. அந்த வலையமைப்புப் பிரிவும் சுகமாகவே வளர்ந்துவிடவில்லை. சீமென்ஸ் கம்பெனியோடு கூட்டாக நடந்த காலத்தில், 2011ஆம் ஆண்டின் இறுதியில், உலகம் முழுவதும் 17,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிரிவுதான் அது. ஆயினும் 2013 ஜூலையில், சீமென்ஸின் பாதிப் பங்கையும் தானே வாங்கிக்கொள்ளுவதாக நோக்கியா அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கைப்பேசியை விற்பதாக அறிவித்தது. ஒரு கையால் எதை வாங்குகிறார்கள், மறு கையால் எதை விற்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தவனுக்கு, அந்த ஆண்டில் நோக்கியாவில் சேரலாமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு என்பதும், பதில் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒன்றாகவும் ஒரகடத்துக்கு வேறாகவும் இருக்கிறது என்பதும் விளங்கியிருக்கும்.

ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மறைமலைநகரும் இதையே வேறு விதமாகச் சொல்லுகிறது. 1995இல் மஹிந்திராவோடு கூட்டாக இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு கம்பெனி, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் சேர்ந்துவிட்டதென்று சொல்லி, 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. குஜராத்தின் சானந்திலும் மறைமலைநகரிலுமாக ஏறத்தாழ 4,000 தொழிலாளரின் ஜீவனத்தை அந்த அறிவிப்பு தொட்டது. மறைமலைநகரில் நஷ்டஈட்டுக்காகப் போராட்டம் நடந்து, 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்து, ஆலை மூடப்பட்டது. ஆனால் தொழிற்சாலையை மூடுவதாகச் சொன்ன அதே அறிக்கையில், மென்பொருள், கணக்கு, பொறியியல் வடிவமைப்பு முதலிய வேலைகளை உலகத்துக்கெல்லாம் செய்துகொடுக்கிற, இந்தியாவில் 11,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தன் சேவைப் பிரிவை விஸ்தரிக்கப்போவதாகவும் ஃபோர்டு எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தைப் பத்திரிகைகள் பெரிதாக வெளியிடவில்லை. ஆனால் அது நடந்தது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 2024இல், ஏற்றுமதிக்காக மறைமலைநகர் ஆலையை மறுபடியும் பயன்படுத்த எண்ணியிருப்பதாகத் தமிழ்நாடு அரசிடம் தெரிவித்தபோது, அந்தச் சேவைப் பிரிவில் 12,000 பேர் இருந்தார்கள். இன்னும் 2,500 முதல் 3,000 பேர் வரை சேர்ப்பதாகவும் கம்பெனி சொல்லிற்று. ஃபோர்டு போய்விட்டது என்று ஊரார் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, ஃபோர்டில் சேர்ந்து முன்னுக்கு வந்த பட்டதாரிகள் சென்னையில் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஆட்களைக் குறைக்கிற கம்பெனி அதே சமயத்தில் ஆட்களைச் சேர்ப்பதேன் என்று வியக்கத் தோன்றும். இதற்கு நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு. உத்தியோகம் தேடுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் இதுவே பிரதானம். நல்ல காரணமாவது: கம்பெனி ஒரு தொழிலிலிருந்து விலகி மற்றொன்றில் மூலதனத்தைப் போடுகிறது; பழைய தொழிலுக்கு வேண்டிய திறமை புதியதற்குப் பயன்படாது; அல்லது செலவு அதிகமான ஒரு தேசத்தில் இருந்த வேலையைச் செலவு குறைந்த தேசத்துக்கு மாற்றுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் சேருகிறவன், கம்பெனி எந்தத் திசையில் போக விரும்புகிறதோ அந்தத் திசையிலேயே நிற்கிறான். அவனுடைய வேலைக்கு வரவு செலவுத் திட்டத்தில் புதிதாகப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கெட்ட காரணம் வேறு. சீரமைப்பு என்ற பேச்சு எழுந்தவுடனே, வெளியில் எளிதாக வேறு வேலை கிடைக்கக்கூடிய சாமர்த்தியசாலிகள், யாரும் சொல்லுவதற்கு முன்பே தாங்களாகப் பேப்பர் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நிர்வாகம் யாரை இருத்திக்கொள்ள விரும்பியதோ அவர்கள் போய், அவர்கள் செய்த வேலை மட்டும் நின்றுவிடுகிறது. அந்த வேலையை எடுத்துச் செய்ய அவசரமாக ஆள் வேண்டியிருக்கிறது. வருகிறவனுக்குச் சம்பளம் சற்று அதிகமாகத்தான் தருவார்கள். ஆனால் மூவர் பார்த்த வேலை அவன் ஒருவன் தலையில் விழும். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. அவனை வேலைக்கு எடுத்த மேலதிகாரியே அடுத்த காலாண்டில் இருப்பாரோ மாட்டாரோ தெரியாது. இன்னும் மோசமானது ஒன்றும் உண்டு: வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, மூடுவதென்று தீர்மானமாகிவிட்ட ஒரு பிரிவை ஆறு மாதமோ ஓராண்டோ ஓட்டவேண்டியிருக்கும், அந்த இடைக்காலத்துக்கு ஆள் தேடுவார்கள், தேடுகிற காரணத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். ஆகவே நேர்காணலுக்குப் போகிற எவரும், எனக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே, இந்த இடம் எப்படிக் காலியாயிற்று என்று கேட்கவேண்டும். புதிதாக உண்டாக்கப்பட்ட இடமா, ஒருவர் விட்டுப்போன இடமா, விட்டுப்போனவர் எவ்வளவு காலம் இருந்தார் என்ற மூன்று கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்குமானால், சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சீரமைப்பில் இருக்கிற கம்பெனியில் சேருவது எப்போதும் அபாயம் என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு ஐ.பி.எம். வரலாறு தக்க சான்று. ஆளைக் குறைப்பதே இல்லை என்ற சம்பிரதாயத்தைப் பல தலைமுறைகளாகப் பெருமையோடு காத்துவந்த அந்தக் கம்பெனி, 1992இல் ஏறத்தாழ 500 கோடி டாலரும், அடுத்த ஆண்டில் 800 கோடி டாலருக்கு மேலும் நஷ்டம் கண்டது. 1993 ஏப்ரலில், கணினித் தொழிலுக்கே புறம்பான லூ கெர்ஸ்ட்னர் தலைவராக வந்தார். கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவதென்ற முந்தைய யோசனையைக் கைவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் மேலும் 35,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். நியூயார்க் மாகாணத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில், பெருங்கணினி செய்த ஊர்களில், தந்தையும் மகனுமாக ஐ.பி.எம்.மை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. ஆனால் மற்ற ஸ்தாபனங்களின் கணினி வேலைகளைத் தானே ஏற்று நடத்திக்கொடுக்கும் சேவைப் பிரிவு அதே ஆண்டுகளில் விருத்தியாகிக்கொண்டே வந்து, 2001ஆம் ஆண்டுக்குள் மொத்த வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டுவந்தது. 1993இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தவன் அறிவாளியா மூடனா என்று கேட்டால், எந்தப் பிரிவில் சேர்ந்தான் என்று எதிர்க்கேள்வி போட்டுத்தான் பதில் சொல்ல முடியும். சீரமைப்பைத் தாண்டி நின்ற பிரிவில் ஆரம்பத்திலேயே நுழைந்தவனுக்குப் போட்டியாளர் குறைவு, பொறுப்பு அதிகம், முன்னேற்றம் துரிதம் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

வயதும் அனுபவமும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்குச் சற்று அதிகமானோரை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் இடைநிலையிலும் உயர்நிலையிலும் உள்ளவர்கள் என்று சொல்லிற்று. புதிதாகப் படித்துவிட்டு வருகிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு ஓராண்டில் வேலை போனால், கைச்செலவுக்குத் தட்டுப்பாடு வரலாம், கற்றுக்கொண்டது மிஞ்சும். வீட்டுக்கடனுக்கு மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் பெற்றோரின் மருத்துவச் செலவையும் தாங்குகிற நாற்பத்தைந்து வயது மேலாளர் ஒருவர், நல்லபடியாக நடக்கிற இடத்தை விட்டுவிட்டு, மேலாளர்களையே குறைக்கிற இடத்துக்கு, மேலாளராகவே போய்ச் சேருவது முற்றிலும் வேறு காரியம். இருவருக்கும் ஒரே புத்திமதி சொல்லுகிறவர், இருவருக்கும் உதவாத புத்திமதியைச் சொல்லுகிறார்.

கடன் மிகுதியால் சீர்குலைந்து, அதைச் சரிசெய்யப் பாடுபடுகிற ஸ்தாபனத்தை நான் தனியே வைத்து எண்ணுகிறேன். ஏனெனில் அங்கே பிரிவு பார்த்துச் சேருவதால் பயனில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி பறப்பதை நிறுத்தியபோது, லாபமான மார்க்கத்தில் பறந்த விமானியும், நஷ்டமான மார்க்கத்தில் பறந்த விமானியும் ஒன்றாகவே தரையில் நின்றார்கள். அதை மீட்பதற்கான திட்டம் 2021இல் தீர்ப்பாயத்தில் ஏற்கப்பட்டும், விமானம் எழும்பவில்லை; 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் கம்பெனியைக் கலைத்துவிட உத்தரவிட்டது. சம்பளம் இரண்டு மாதம் தாமதப்படுகிறது, பி.எஃப். பணம் கணக்கில் ஏறவில்லை, சரக்குக் கொடுத்தவர்கள் பணம் கேட்டு வாசலில் நிற்கிறார்கள் என்ற செய்தி உள்ளே இருப்பவர்கள் வாயிலிருந்து வந்தால், பெயர் எவ்வளவு பெரிதாயினும் அங்கே சேரவேண்டாம் என்று தயங்காமல் சொல்லுவேன்.

உடைமை கைமாறும் இடத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. ஏர் இந்தியா 2022 ஜனவரி 27ஆம் தேதி டாடா குழுமத்தின் வசமானபோது, ஓராண்டு வரை ஊழியர் எவரையும் நீக்கலாகாது என்பது விற்பனை நிபந்தனைகளுள் ஒன்று. பழைய ஊழியருக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்த அதே காலத்தில், 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் விமானப் பணியாளர் தேர்வும் அறிவிக்கப்பட்டது. இங்கே கவனிக்கவேண்டியது, காப்புறுதி என்று சொல்லப்படுவதற்கு ஒரு காலவரையறை உண்டு என்பதும், அது முன்பே இருந்தவர்களுக்கு எழுதப்பட்டதே தவிரப் புதிதாக வருகிறவர்களுக்கு எழுதப்பட்டதன்று என்பதுமாகும்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கும் இரண்டொரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தைப் போலவே, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும், ஆட்குறைப்பில் ஒரு முறையை விதிக்கிறது: ஒரே வகை வேலையில் இருப்போருள் கடைசியாகச் சேர்ந்தவரே சாதாரணமாக முதலில் நீக்கப்படவேண்டும், மாறிச் செய்தால் நிர்வாகம் காரணத்தை எழுதிவைக்கவேண்டும். நியாயமான விதிதான், பல்லாண்டு உழைத்தவனை நேற்று வந்தவனுக்காக வெளியே தள்ளலாகாது என்ற தர்மம் அதில் இருக்கிறது. ஆனால் நேற்று வந்தவன் நீங்களே என்றால், அந்த விதி உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்கிடப்படும் நஷ்டஈடும், ஓராண்டு இடைவிடாத சேவை இல்லாதவனுக்குக் கிடையாது. நிரந்தர ஊழியர் கிராஜுவிட்டி பெற ஐந்தாண்டு ஆகவேண்டும். ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பும், 100 தொழிலாளர் என்ற பழைய வரம்பிலிருந்து 300 தொழிலாளர் என்ற புதிய வரம்புக்கு உயர்ந்துவிட்டது. நிர்வாகப் பொறுப்பில் இருப்போரும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுவோரும், தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. ஆகையால், சீரமைப்புக் காலத்தில் புதிதாகச் சேருகிற உத்தியோகஸ்தனுக்குச் சட்டத்தைக் காட்டிலும் அவன் கையிலுள்ள நியமனக் கடிதமே பெரிய துணை. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவனுக்கு உண்டு.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஏமாறக்கூடும் என்று சொல்லுவோர் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியைச் சுட்டிக்காட்டுவார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதிவந்ததை அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும் வரையில், வெளியில் இருந்தவர்களுக்கு மட்டுமன்றி, உள்ளே இருந்த பல்லாயிரம் பேருக்கும் அது தெரியாது. வாஸ்தவம், பொய்க் கணக்கைப் படித்து மெய்யை அறிய முடியாது. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் பார்க்கவேண்டும். மத்திய அரசு பழைய நிர்வாகக் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமைத்தது. சென்னையைச் சேர்ந்த கணக்குத் தணிக்கையாளர் டி.என். மனோகரனும் அதில் ஓர் உறுப்பினர். மூன்று மாதங்களில் டெக் மஹிந்திரா அதை வாங்கிற்று. வேலையில்லாமல் பெஞ்சில் இருந்த ஆயிரக்கணக்கானோரைக் குறைந்த சம்பளத்தில் ஒதுக்கி வைத்தார்கள். வாடிக்கையாளருக்கு அன்றாடம் வேண்டியிருந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலைத்தார்கள். தலைமை பொய் சொன்னபோதும், பிரயோஜனமான வேலையில் இருந்தவனுக்கு அந்த வேலையே அரண் ஆயிற்று.

சேர உத்தேசிப்பவன் செய்யவேண்டியவை அதிகமில்லை. பழுது பார்க்கிற வீட்டுக்குக் குடிபோகிறவன், எந்தச் சுவரை இடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அறையைத் தேர்ந்தெடுப்பான். அந்த ஜாக்கிரதை போதும். பங்குச் சந்தையில் பதிவான கம்பெனியானால் அதன் ஆண்டறிக்கையையும், காலாண்டுக் கணக்குகளையும் யாரும் பார்க்கலாம். அதில் மொத்த லாபத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடாது. பிரிவுவாரியாக வருமானமும் லாபமும் கொடுத்திருக்கும் பக்கத்தைத் தேடி, தனக்குத் தருவதாகச் சொல்லும் பிரிவு மூன்றாண்டுகளாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். தலைமை அதிகாரி முதலீட்டாளர்களிடம் பேசும்போது எந்தப் பிரிவின் பெயரைப் பலமுறை சொல்லுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதும் ஒரு செய்தியே. உள்ளே வேலை செய்கிறவர்களிடம் விசாரிக்கையில், கம்பெனி எப்படி என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். உங்கள் பிரிவில் சென்ற ஆண்டு எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர், போன வருஷம் சம்பள உயர்வு வந்ததா, புது ப்ராஜெக்ட் எப்போது வந்தது என்று கேட்டால் உண்மை வெளிப்படும். சமீபத்தில் விட்டு வந்தவர் சொல்லுவதில் கசப்பும், உள்ளே இருப்பவர் சொல்லுவதில் தயக்கமும் கலந்திருக்கும், இரண்டையும் கழித்துக்கொள்ளவேண்டும்.

பிறகு கடிதத்துக்கு வரவேண்டும். நோட்டீஸ் பீரியட் இரு தரப்புக்கும் சமமா, அல்லது நீங்கள் விலக மூன்று மாதமும் அவர்கள் விலக்க ஒரு மாதமுமா? தகுதிகாண் காலம் எவ்வளவு? ஓராண்டுக்குள் இடமே ரத்தானால் எத்தனை மாதச் சம்பளம்? ஜாயினிங் போனஸ் கொடுத்தால், அவர்களே நீக்கும்போதும் அதைத் திருப்பிக் கேட்பார்களா? இவற்றைச் சேருவதற்கு முன் கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. சேர்ந்த பிறகு கேட்பதில்தான் பலனில்லை. கடிதம் கையில் வந்த மாத்திரத்தில் பழைய வேலைக்குப் பேப்பர் போட்டுவிடுவதும் அவசரம்; 2022இல் வேலைக்கடிதம் பெற்ற பொறியியல் பட்டதாரிகள் பலர், சேரும் தேதிக்காக மாதக்கணக்கில், சிலர் இரண்டாண்டு வரைகூட, வீட்டில் உட்கார்ந்திருந்ததை நாடு பார்த்திருக்கிறது. சேரும் தேதி எழுத்தில் உறுதிப்படும் வரையில், இருக்கிற உத்தியோகமே உத்தியோகம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் போதுமான பணம் கையில் இல்லாதவர், அது சேரும் வரை இத்தகைய மாற்றத்தைத் தள்ளிப்போடுவது நலம்.

ஆனால் இந்த விசாரணை முழுவதையும் வேலை தேடுகிறவன் தலையிலேயே சுமத்திவிட்டு, ஆளை எடுக்கிற ஸ்தாபனம் மௌனமாக இருந்துவிடுவது நியாயமன்று. பங்கு வாங்குகிறவனுக்குக் கம்பெனியின் அபாயங்களை முன்கூட்டித் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தன் வாழ்நாளின் சில ஆண்டுகளையே முதலீடாகப் போடுகிறவனுக்கு அத்தகைய உரிமை ஏதும் இல்லை. ஆட்குறைப்பை அறிவித்த கம்பெனி, அதன் பின் வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவரிடமும், அவர் சேரும் பிரிவு அந்தத் திட்டத்துக்குள் வருகிறதா இல்லையா என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் குற்றமின்றி ஓராண்டுக்குள் அவரை நீக்க நேர்ந்தால், குறைந்தபட்சம் மூன்று மாதச் சம்பளம் தருவதாகவும் எழுதவேண்டும். இதைச் சட்டமாக்குவது சர்க்காரின் வேலை. சட்டம் வரும் வரையில் இதைக் கேட்டு வாங்கித்தரும் செல்வாக்கு, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மாணவரை அனுப்புகிற நம்முடைய பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அதிகாரிகளுக்கு உண்டு. எத்தனை பேருக்கு வேலைக்கடிதம் வாங்கிக்கொடுத்தோம் என்று விளம்பரம் செய்வதோடு நில்லாமல், அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அவர்கள் படித்துப்பார்க்க வேண்டும்.

சேரலாமா என்று என்னைக் கேட்கிற இளைஞருக்கு நான் சொல்லுவது இதுதான்: அந்தப் பிரிவு வளருகிறதென்று கணக்குச் சொல்லுமானால், இடம் எப்படிக் காலியாயிற்று என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைக்குமானால், பிரிய நேர்ந்தால் தருவது இன்னதென்று எழுத்தில் கொடுப்பார்களானால், ஊரார் என்ன சொன்னாலும் தைரியமாகச் சேருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு கெட்டியானவை என்பதையும், உங்கள் வயதையும், கையிருப்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்றுமே இல்லையென்றால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.